பத்து லட்ச ரூபாய் பாலிசியும் கும்பு பனியருவியும்

காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவிலேயே பணிக்காலத்தைக் கழித்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வியாதி விடாது. எங்கே போனாலும், இங்கே ஏதாவது நடந்தால் யாருக்கு எவ்வளவு கிடைக்கும், யார் கொடுப்பார் என்றுதான் புத்தி முதலில் ஓடும். கல்யாண மண்டபத்தில் நுழைந்தால் மணமக்களுக்கு முன்னால் என் கண்ணில் படுவது தீயணைப்பான். எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்துவிட்டு வந்தவன் சிகரத்தின் படத்தைப் போடாமல் பாலிசியைப் பற்றி எழுதுகிறான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

2014 ஏப்ரல் 18. அன்று புனித வெள்ளி. காலை ஏழு மணி ஆவதற்கு முன்பே, எவரெஸ்ட்டின் மேற்குத் தோளிலிருந்து ஒரு பெரும் பனிப்பாளம் உடைந்து, அடிவார முகாமுக்கு மேலே பனியாறு உடைந்து இறங்கும் இடமான கும்பு பனியருவியின் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் மேல் முகாம்களுக்குக் கூடாரம், அடுப்பு, கயிறு, ஆக்சிஜன் என்று சுமந்து போய்க்கொண்டிருந்த தொழிலாளர்கள். பதினாறு பேர் இறந்தார்கள். பதினாறு பேரும் நேபாளிகள், பெரும்பாலோர் எவரெஸ்ட் வட்டாரத்து மலைவாழ் இனத்தவரான ஷெர்பாக்கள். பதின்மூன்று உடல்கள் கிடைத்தன, மூன்று கிடைக்கவே இல்லை. பல லட்சம் கட்டி மலையேற வந்திருந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அப்போது அடிவாரக் கூடாரங்களில் இருந்தார்கள்.

நேபாள அரசு முதலில் அறிவித்த உடனடி உதவி, குடும்பத்துக்கு நாற்பதாயிரம் நேபாள ரூபாய். நம் பணத்தில் இருபத்தைந்தாயிரம். சட்டப்படி நிறுவனங்கள் எடுத்திருக்க வேண்டிய ஆயுள் காப்பீடு பத்து லட்சம் நேபாள ரூபாய், அதாவது நம் ஆறே கால் லட்சம், அன்றைய கணக்கில் ஏறத்தாழ பத்தாயிரம் டாலர். ஷெர்பாக்கள் கொதித்தார்கள், கோரிக்கைப் பட்டியல் கொடுத்தார்கள், அந்த ஆண்டு நேபாளப் பக்கத்தில் மலையேற்றமே ஏறத்தாழ நின்றுபோனது. அதன் பிறகு காப்பீட்டுத் தொகை பதினைந்து லட்சமாக உயர்ந்தது.

இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. எங்கள் ஊரில் லாரி மோதி ஒருவர் இறந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இழப்பீட்டைக் கணக்கிட ஒரு முறை இருக்கிறது. 2009இல் உச்ச நீதிமன்றம் சர்லா வர்மா வழக்கில் அட்டவணை போட்டுக் கொடுத்தது. இறந்தவரின் ஆண்டு வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்துவிட்டு, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 26 முதல் 30 வயதுக்குள் இருந்தால் அந்த எண் 17. நான்கு பேர் அவரை நம்பியிருந்தால் கழிவு நாலில் ஒரு பங்கு.

மலையில் வேலை செய்யும் ஷெர்பா ஒருவர் ஒரு எவரெஸ்ட் பருவத்தில் நாலாயிரம் முதல் ஆறாயிரம் டாலர் வரை சம்பாதிக்கிறார் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பேர் பெற்றவர்கள் அதற்கு மேல். நடுவில் ஐயாயிரம் என்று வைத்துக்கொள்வோம். வயது 28, மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். ஐயாயிரத்தில் நாலில் ஒன்று போக 3,750. பதினேழால் பெருக்கினால் 63,750 டாலர். எதிர்கால வருமான உயர்வு, ஈமச்சடங்குச் செலவு எதையும் சேர்க்கவில்லை. கோட்டாறு சந்தைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர் சாலையில் இறந்தால் பிடிக்கிற கணக்கு இது. உலகிலேயே மிக உயரமான இடத்தில் வேலை பார்க்கிற ஷெர்பாவுக்குக் கிடைத்தது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அவருடைய இரண்டு ஆண்டு வருமானம்.

அடிவார முகாமுக்குப் போகும் வழியில் இருக்கும் ஷெர்பா கிராமமான பங்போச்சேயில் நாங்கள் தங்கிய விடுதியை நடத்திய அம்மையாரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். நாக்பூரில் பணி மாற்றத்தில் இருந்தபோது கற்ற என் இந்தியும், டார்ஜிலிங்கில் படித்த அவருடைய இந்தியும் ஒருவாறு ஒத்துப்போயின. அவருடைய கணவரும் மலையில் வேலை பார்த்தவர், 2014க்குப் பிறகு விட்டுவிட்டார். "தீதி (அக்கா), பாலிசி பத்திரத்தை நீங்கள் பார்த்ததுண்டா?" என்று கேட்டேன். பார்த்ததில்லையாம். காட்மாண்டு அலுவலகத்தில் இருக்கும் என்றார். "உங்கள் ஊரில் லாரி ஓட்டுகிறவர் மனைவி பார்த்திருப்பாளா?" என்று திருப்பிக் கேட்டார். அவளும் பார்த்திருக்க மாட்டாள் என்பதை ஒப்புக்கொண்டேன். அடுப்பில் சாணி வறட்டியைத் தள்ளிவிட்டு, "அப்படியானால் உங்கள் சட்டம் நல்லது, உங்கள் அலுவலகம் எங்கள் அலுவலகம் மாதிரிதான்" என்றார். தொழிலில் எத்தனையோ வழக்கறிஞர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

சரி, அந்தப் பனியருவியில் அவர்களுக்கு என்னதான் வேலை?

அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து முதல் முகாமுக்குப் போக வேறு வழியில்லை, பனியருவியைக் கடந்தாக வேண்டும். பனியாறு செங்குத்தான சரிவில் இறங்கும்போது உடைந்து, வீட்டளவு கட்டிகளாகவும் ஆழம் தெரியாத பிளவுகளாகவும் சிதறிக் கிடக்கிற இடம் அது. கிடக்கிறது என்றுகூடச் சொல்லக் கூடாது, ஒவ்வொரு நாளும் நகர்கிறது. நேற்றுப் போட்ட ஏணி இன்று கோணிக்கொண்டிருக்கும். பருவம் தொடங்குவதற்கு முன்பே ஒரு சிறு குழு உள்ளே போய்ப் பிளவுகளின் மேல் அலுமினிய ஏணிகளைப் போட்டுக் கயிறு கட்டி, இரண்டாம் முகாம் வரை பாதை அமைக்கிறது. பருவம் முடியும் வரை அதைப் பழுதுபார்ப்பதும் அவர்கள்தான். அவர்களைப் பனியருவி டாக்டர்கள் என்கிறார்கள். நாம்சேயில் இருக்கும் சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழு அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. இரண்டாம் முகாமுக்கு மேல், லோட்சே சுவரிலும் தென் கணவாய்க்கு அப்பாலும், சிகரம் வரை நிலைக்கயிறு கட்டுவது வேறொரு ஷெர்பா குழு. ஒவ்வோர் ஆண்டும் நேபாளப் பக்கத்திலிருந்து முதலில் உச்சியைத் தொடுவது பெரும்பாலும் இந்தக் கயிறு கட்டும் குழுதான். 2021 மே 7 அன்று அப்படிப் போன குழுவை நடத்தியவர் காமி ரீத்தா ஷெர்பா. அது அவருடைய இருபத்தைந்தாவது ஏற்றம். 2025 மே மாதத்தில் முப்பத்தொன்றாவது முறை ஏறினார். காமி ரீத்தாவை உலகத்துக்குத் தெரியும். அவரோடு போனவர்களின் பெயரைக் கேட்டால் நானும் விழிப்பேன்.

பாதை தயாரானதும் சுமை. மேலே நான்கு முகாம்கள். கடைசி முகாம் தென் கணவாயில், 7,900 மீட்டருக்கு மேல். அங்கே வாடிக்கையாளர் தூங்கும் பை, அவருக்குப் பனியை உருக்கித் தண்ணீராக்கும் எரிவாயு, அவர் குடிக்கும் சூப், அவர் மூச்சு விடும் ஆக்சிஜன், எல்லாம் ஒரு மனிதனின் முதுகில்தான் மேலே போகிறது. கூடுதல் காற்று வேண்டும் என்கிறார் ஒருவர். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்பதை நாலு லிட்டராகத் திருகிவைத்தால் ஏறுவது எளிதாகிறது. சிலிண்டர் பாதி நேரத்தில் தீர்கிறது. அப்படியானால் இரண்டு மடங்கு சிலிண்டர்கள் மேலே போயிருக்க வேண்டும். விளம்பரத்தில் "அளவில்லா ஆக்சிஜன்" என்று படிக்கும்போது, எனக்கு விடியற்காலை இரண்டு மணிக்கு நெற்றி விளக்கோடு பனியருவிக்குள் நுழையும் மனிதர்களின் வரிசைதான் கண்ணுக்குள் வருகிறது. வெயில் பட்டால் பனி தளரும். அதற்குள் கடந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நேரம்.

இன்னொரு சங்கதி என்னைப் போன்ற ஆளுக்குத்தான் உறுத்தும். பனியருவி ஆபத்தானது என்று தெரிந்ததும் நல்ல நிறுவனங்கள் வாடிக்கையாளர்களை அதற்குள் பல தடவை அனுப்புவதைக் குறைத்துவிட்டன. உடம்பை உயரத்துக்குப் பழக்குவதற்கு 6,119 மீட்டர் உயரமுள்ள லோபுச்சே கிழக்குச் சிகரத்தில் ஏற்றுகிறார்கள். வசதியுள்ளவர் லண்டனிலோ துபாயிலோ தன் படுக்கையறையிலேயே ஆக்சிஜன் குறைத்த கூடாரத்துக்குள் தூங்கிப் பழகிவிட்டு வருகிறார். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் சுமை மட்டும் அப்படியே இருக்கிறது, பல நிறுவனங்களில் கூடியும் இருக்கிறது. ஆக, வாடிக்கையாளர் அந்த இடத்தில் கழிக்கும் நேரம் குறைய, தொழிலாளியின் நேரம் குறையவில்லை. எங்கள் தொழிலில் ஒருவர் தன் அபாயத்தைப் பிறர் தலையில் ஏற்றிவைத்தால் அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும். இங்கே அந்தப் பிரீமியம் எங்கே போனது?

கூலி முறையும் அபாயத்தைக் கூட்டுகிறது. அடிப்படைச் சம்பளத்துக்கு மேல், இன்ன முகாமுக்குச் சுமை ஏற்றினால் இவ்வளவு என்று தனித் தொகை. வாடிக்கையாளர் உச்சியைத் தொட்டால் போனஸ். "அவர் தென் கணவாயில் திரும்பிவிட்டால் எங்களுக்கு மே மாதம் சிறியது" என்றார் பங்போச்சே தீதி. வானம் கறுக்கும்போது "திரும்பிவிடலாம் சார்" என்று சொல்ல வேண்டிய ஆளுக்குத் திரும்பினால் வருமானம் குறையும் என்று ஒப்பந்தம் எழுதுவதை என்னவென்று சொல்வது? பெரும்பாலான ஷெர்பாக்கள் அப்படியும் திரும்பச் சொல்கிறார்கள் என்பது அவர்களுடைய பெருந்தன்மை. ஒப்பந்தம் எழுதியவருக்கு அதில் பங்கில்லை.

மரபணுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் நடைக்குழுவில் வந்த ஒரு டாக்டர் வழிநெடுக இதையே பேசிக்கொண்டு வந்தார். திபெத்தியரிடமும் ஷெர்பாக்களிடமும் ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு ஏற்ற மரபணு மாற்றங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்தது. உண்மைதான், படிக்கவும் சுவையானது. ஆனால் "அவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை சார், உடம்பே அப்படி" என்று முடித்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. மீனவர் பிள்ளைக்கு நீச்சல் பிறவியிலேயே வரும் என்று சொல்லிப் புயல் எச்சரிக்கையை நிறுத்திவைப்பதைப் போன்ற பேச்சு. பத்து முறை ஆக்சிஜன் இல்லாமலேயே எவரெஸ்ட் ஏறியவர் ஆங் ரீத்தா ஷெர்பா. 1999இல் ஆக்சிஜன் இல்லாமல் உச்சியில் 21 மணி நேரம் தங்கியவர் பாபு சிரி ஷெர்பா. அந்தப் பாபு சிரி 2001இல் இரண்டாம் முகாமுக்கு அருகில் ஒரு பனிப்பிளவில் விழுந்து இறந்தார். அவருடைய நுரையீரலில் குறை ஒன்றும் இல்லை.

அடிவார முகாமுக்குப் போகும் வழியில், துக்லா ஏற்றத்தின் மேல் அவருடைய நினைவுக்கல் இருக்கிறது. அந்த மேடு முழுவதும் கல் அடுக்குகளும் பிரார்த்தனைக் கொடிகளும். எவரெஸ்ட்டில் இதுவரை முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கூலிக்குப் போனவர். பலருடைய உடல் மலையிலேயே இருக்கிறது. உடல் கிடைக்காத கிளெய்ம்தான் எங்கள் பிரிவில் எப்போதும் தலைவலி. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள நம் சட்டத்தில் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிமார் அந்த ஏழு ஆண்டுகளை எப்படித் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மேட்டில் குளிர்காற்றில் நின்றபோது கோப்புகள்தான் நினைவுக்கு வந்தன.

எங்கள் மாவட்டத்துக்கும் இந்த மலைக்கும் ஓர் உறவு உண்டு. எவரெஸ்ட்டில் பதிவான முதல் சாவுகள் 1922 ஜூன் 7 அன்று திபெத்துப் பக்கத்தில், வடக்குக் கணவாய்க்குக் கீழே நிகழ்ந்தவை. ஆங்கிலேய மலையேறி மல்லோரி நடத்திய அணியின் மேல் பனி சரிந்தது. பின்னால் சுமையோடு வந்த தொழிலாளர்களில் ஏழு பேர் இறந்தார்கள், ஆங்கிலேயர் எல்லோரும் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவர் சாமர்வெல் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். எங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று வெட்கத்தோடு பின்னாளில் எழுதினார். அந்தப் பயணம் முடிந்து தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் வேலையை விட்டு நெய்யூருக்கே வந்து பல்லாண்டுகள் இருந்துவிட்டார். இடையில் 1924இல் மீண்டும் எவரெஸ்ட்டுக்குப் போய்த் திரும்பினார். எங்கள் பாட்டி தலைமுறைக்கு அவர் "சாமர்வெல் டாக்டர்", வயிற்றை அறுத்துப் புண்ணை ஆற்றியவர். அவர் மலையேறியவர் என்பதே எனக்கு நடுவயதில்தான் தெரிந்தது. அந்த ஏழு பேருக்கும் நெய்யூருக்கும் நேரடித் தொடர்பு இருந்ததா என்று நான் அளக்கப் போவதில்லை. ஆனால் அந்த வெட்கம் அவரோடு நெய்யூர் வரை வந்திருக்கும் என்று நம்புவதில் எனக்கு ஒரு திருப்தி.

1953இல் டென்சிங் நோர்கே உச்சியில் நின்ற கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் காட்மாண்டு பிரிட்டிஷ் தூதரகத்தில் ஷெர்பாக்களைக் கழிப்பறைகூட இல்லாத கார் கொட்டகையில் தங்கவைத்தார்கள் என்பதும், மறுநாள் காலை அவர்கள் தூதரக வாசலிலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் கருத்தைத் தெரிவித்தார்கள் என்பதும் பாடப்புத்தகத்தில் வராது. அவரோடு உச்சியில் நின்ற ஹிலாரிக்கும் பயணத் தலைவர் ஹன்ட்டுக்கும் சர் பட்டம். டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம்.

இன்று நிலைமை மாறவில்லை என்று சொன்னால் பொய். அப்போது கொட்டகையில் படுத்தவர்களின் வழிவந்தோர் இப்போது நிறுவன முதலாளிகள். எவரெஸ்ட் வியாபாரத்தில் பெரும்பகுதி நேபாள நிறுவனங்களின் கையில் இருக்கிறது. 2021 ஜனவரி 16 அன்று உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரத்தைக் குளிர்காலத்தில் முதன்முதலாகத் தொட்ட பத்துப் பேரும் நேபாளிகள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஷெர்பாக்கள். 2024இல் பதினெட்டே வயதான நீமா ரின்ஜி ஷெர்பா பதினான்கு எண்ணாயிரம் மீட்டர் சிகரங்களையும் முடித்தார். போர்ட்சே கிராமத்தில் மலையேற்றப் பள்ளி நடக்கிறது. பனியருவிக்கு மேலே ஏணியையும் கயிற்றையும் டிரோன் கொண்டுபோய்ப் போடத் தொடங்கியிருக்கிறது. ஒரு தடவைக்குப் பதினைந்து கிலோ அளவுக்கு. இதில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. அதே நேரத்தில், முதலாளி உள்ளூர்க்காரர் என்பதால் பாலிசித் தொகை தானாக ஏறிவிடுவதில்லை. மலிவு விலையில் ஆள் பிடிக்கிற போட்டியில் முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத செலவுதான். இது எங்கள் ஊர்ப் பட்டாசுத் தொழிலுக்கும் பொருந்தும்.

2023 மே 18 அன்று நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கெல்ஜே ஷெர்பா தன் சீன வாடிக்கையாளரோடு உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பால்கனி எனப்படும் இடத்தருகே, எண்ணாயிரம் மீட்டருக்கு வெகு மேலே, ஒரு மலேசியர் கயிற்றைப் பிடித்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். கெல்ஜே தன் வாடிக்கையாளரிடம் பேசி, உச்சிக்குப் போவதைக் கைவிடச் சம்மதிக்கவைத்தார். அந்த மலேசியரைத் தூக்கப் படுக்கையில் சுருட்டி, இழுத்தும் முதுகில் கட்டிச் சுமந்தும் ஏறத்தாழ 600 மீட்டர் கீழே கொண்டுவந்தார். ஆறு மணி நேரம். வழியில் நீமா தாஹி ஷெர்பாவும் சேர்ந்துகொண்டார். மூன்றாம் முகாமிலிருந்து ஹெலிகாப்டர் நீண்ட கயிற்றில் தூக்கிக்கொண்டு போனது. பிழைத்தவர் இணையத்தில் முதலில் எழுதிய நன்றியில் கெல்ஜேயின் பெயர் இல்லை என்று பெரிய சண்டை நடந்தது. பிறகு நன்றி சொன்னார்.

அந்தச் சண்டையைவிட என்னைக் குடைந்தது வேறு. மீட்புப் பாலிசி எடுக்கிறவர் ஹெலிகாப்டர் வரும் என்று நினைத்து எடுக்கிறார். ஹெலிகாப்டர் வழக்கமாக இறங்குவது இரண்டாம் முகாம் வரை. அதற்கு மேலே கயிறு தொங்கவிட்டுச் சற்றுத் தூரம். அதற்கும் மேலே மீட்பு என்றால் ஒரு ஷெர்பாவின் முதுகு. ஹெலிகாப்டருக்கு மணிக்கு இவ்வளவு என்று பில் இருக்கிறது. இத்தனைக்கும் இதே பள்ளத்தாக்கில்தான், சாதாரணத் தலைவலிக்கும் நடைப்பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பீட்டு நிறுவனங்களிடம் பில் போடுகிறார்கள் என்று புகார் கிளம்பி, 2018இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. நோயில்லாதவரை இறக்குவதற்கு லட்சங்கள். சாகக் கிடந்தவரை ஆறு மணி நேரம் சுமந்ததற்குப் பாலிசியில் ஒரு வரி உண்டா?

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு உடனடிக் காரணம் என் தங்கை மகன். பெங்களூரில் நல்ல சம்பளம், மாரத்தான் ஓடுகிறவன், எவரெஸ்ட் ஏற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அனுமதிக் கட்டணமே 2025 செப்டம்பரிலிருந்து பதினொன்றாயிரம் டாலரிலிருந்து பதினைந்தாயிரமாகிவிட்டது; நிறுவனத்துக்குக் கட்டுவது அதற்கு மேல் பல மடங்கு. "எந்த நிறுவனம் நல்லது மாமா?" என்று கேட்டான். போகாதே என்று சொல்ல நான் யார்? அந்த வேலை இல்லாவிட்டால் பங்போச்சேயில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. நான் சொன்னது இதுதான்: உன்னோடு வருகிற ஷெர்பாவுக்கு எவ்வளவுக்குப் பாலிசி, அவருக்கு மீட்புக் காப்பீடு உண்டா, நீ உச்சிக்குப் போகாமல் திரும்பினாலும் அவருக்கு முழு போனஸ் கொடுப்பார்களா, உன் பொருட்களுக்காக எத்தனை சுமை பனியருவி வழியாகப் போகும் என்று எழுத்தில் கேள். கூடாரத்தில் வைஃபை உண்டா என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

நான்கு நிறுவனங்களுக்கு எழுதினான். இரண்டு பேர் பளபளப்பான விளம்பரத் தாளை அனுப்பினார்கள். ஒருவர் "கவலைப்பட வேண்டாம்" என்று பதில் போட்டார். ஒரு நிறுவனம் மட்டும் பாலிசியின் நகலையே அனுப்பியிருக்கிறது. தொகை சட்டம் சொல்வதைவிடக் கூடுதல், போனஸ் பற்றிய பதிலும் நேராக இருக்கிறது. மற்றவர்களைவிடக் கட்டணம் அதிகம், அதனால் யோசிக்கிறான். நகலை நான் முழுதும் படித்துவிட்டேன். விதிவிலக்குகள் பக்கத்தில் இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் நாகர்கோவிலுக்கு வருகிறான், அந்த இரண்டைப் பற்றி மறுபடியும் அவர்களுக்கு எழுதச் சொல்ல வேண்டும்.